ஆமைக்கு ரெக்கை

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்படி ஒன்று நடந்துவிட்டால் குடிப்பாரா, கை நீட்டுவாரா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் கிடையாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிவிட்டு, "அத்தை, டீ போடட்டுமா?" என்று கேட்பார். என்னைவிட நன்றாகவே போடுவார்.

வீடு என்னுடையது. கல்யாணமானதும் தனியாகப் போகலாம் என்று என் மகள் சொன்னாள். மாப்பிள்ளைதான், அத்தையை ஒற்றையாக விட்டுவிட்டு எதற்கு என்று இங்கேயே பெட்டியோடு வந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்று தெருவில் கேலி பேசினார்கள். அவர் அதற்கும் சிரிப்பார். "எல்லாரும் மாமியார் வீட்டுக்குப் போனா ரெண்டு நாள் மரியாதை. எனக்கு தினமும் மரியாதை" என்பார்.

நான் ஓய்வு பெறும்வரை லிப்ட் கம்பெனியில் இருந்தேன். வயரிங் வேலை. கடைசியில் சூப்பர்வைசர். லிப்டை மேலும் கீழும் ஓட்டுவது பெரிய வித்தை இல்லை, சார். ஓடக் கூடாத நேரத்தில் அது ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கதவு சரியாக மூடாவிட்டால் மோட்டாருக்கு மின்சாரம் போகக் கூடாது. அதற்கென்று கதவில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பார்த்தால் ஒன்றுமில்லாத பொருள். அதை நம்பித்தான் ஒரு கட்டடமே ஏறி இறங்குகிறது. என் கை பட்ட லிப்டில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

மாப்பிள்ளையிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. மேடு ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே களைத்துப்போவார்கள். ஆமை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் அடியில்தான் படுத்துக்கிடப்பார். என் மகள் போய்க் காலைத் தட்டி, "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்பாள்.

ஒரு நாள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு நீல நிற சிலிண்டர், கம்பி பின்னிய குழாய்கள், இரண்டு வால்வு, ஒரு பை நிறைய ஸ்க்ரூ.

"என்ன மாப்பிள்ளை இது?" என்றேன்.

"நைட்ரஸ், அத்தை. ஆமைக்கு ரெக்கை கட்டப் போறோம்."

டாக்டர்கள் பல் பிடுங்கும்போது கொடுக்கிற அதே வாயுதான் என்றார். சிரிப்பு வாயு. இன்ஜினுக்குள் விட்டால் மூச்சு கூடுதலாகக் கிடைக்கும், பெட்ரோல் கூடுதலாக எரியும், கார் பிய்த்துக்கொண்டு போகும். "கார் சிரிச்சுக்கிட்டே ஓடும்" என்று சொல்லி அவரே சிரித்தார். சாலையில் ஓடும் காரில் இதைப் பூட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஆசை இருந்ததே தவிர கை சரியில்லை. ஒரு கம்பியை உரிக்கச் சொன்னால் பாதியை வெட்டிவிடுவார். முதல் நாளே கையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றார். நான் ஷெட்டுக்குப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வயர்களெல்லாம் பிரித்துப்போட்ட தலைமுடி மாதிரி கிடந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. என் பழைய டூல் பெட்டியை எடுத்துவந்தேன். அதற்குப்பிறகு வேலை முழுக்க என்னுடையது. அவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார், விளக்கைப் பிடிப்பார், ஜோக் சொல்வார்.

அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. ரிடையரான பிறகு என்னை யாரும் ஒரு ஸ்க்ரூ முடுக்கச் சொன்னதில்லை. குழாயை காரின் அடியில் சூடு படாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோனேன். சிலிண்டருக்கு டிக்கியில் இரும்புப் பட்டை போட்டேன். டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச், ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் இன்னொன்று. மேலே இருப்பதைப் போட்டால் மட்டும் வாயு வராது. பெடலை முழுக்க மிதித்தால்தான் கீழே இருப்பதும் சேர்ந்துகொண்டு வால்வு திறக்கும். காலை எடுத்த நொடியில் மூடிவிடும். மாப்பிள்ளைக்கு இது புதிசு. எனக்கு இது லிப்ட் கதவு. அவ்வளவுதான்.

மகள் நீச்சல் குளத்திலிருந்து வந்து ஈரத் தலையோடு ஷெட் வாசலில் நிற்பாள். அவள் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். கொடுத்தாள் என்று சொல்ல வேண்டும். "ரெண்டு பேரும் சேந்து வீட்டக் கொளுத்திடாதீங்க" என்பாள். அவளைக் கைக்குழந்தையாக என்னிடம் விட்டுவிட்டு அவளுடைய அப்பா போனார். வேறு ஊரில் வேலை, போய்க் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார், கூப்பிடவே இல்லை. நான் வாசல்வரை வந்து வழியனுப்பினேன். அப்போது நான் சின்னப் பெண். எந்த வேலையும் தெரியாது.

சிலிண்டர் பட்டைக்குக் கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை சொன்னார். டிக்கிக்குள் தலையை விட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

"அத்தை, ஒரு சந்தோஷமான விஷயம். கடைல என்னை வேற ஊர் பிராஞ்சுக்கு மேனேஜரா போடறாங்க. அங்க பெரிய நீச்சல் குளம் இருக்கு. அவளுக்கும் கோச் வேலை கிடைச்சாச்சு."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவதான் முதல்ல குதிச்சா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சோம். நீங்களும் வரணும், அத்தை. வீடு பாத்தாச்சு. உங்களுக்குன்னு தனி ரூம், ஜன்னலத் திறந்தா மரம்."

நான் போல்ட்டை இன்னும் கால் சுற்று முடுக்கினேன். நல்ல விஷயம் மாப்பிள்ளை என்றேன்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மகள் என் தோளில் கையைப் போட்டு, "கோவமாம்மா?" என்றாள். எனக்கென்ன கோபம் என்றேன். உண்மையும் அதுதான். அந்த அறையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலாம், மரமாம். என் மகள் வீட்டில் எனக்கு ஓர் அறை ஒதுக்கிக் கொடுக்க இவர் யார் என்று யோசித்தேன். நீங்கள் அனுபவப்பட்டவர், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் எல்லாம் சோதித்துப் பார்த்தோம். அவர் பெடலை மிதிக்க வால்வு டக் என்று திறந்தது. காலை எடுக்க டக் என்று மூடியது. பத்துத் தடவை செய்து பார்த்துக் குழந்தை மாதிரி கை தட்டினார். அப்புறம் குளிக்கப் போனார். அவர் குளிக்க நேரமெடுப்பார், உள்ளே பாட்டெல்லாம் உண்டு. நான் காருக்குள் குனிந்து, பெடலுக்கு அடியிலிருந்த டேப்பைப் பிரித்தேன். சுவிட்சின் இரண்டு கம்பிகளிலும் தோலைக் கொஞ்சம் கூடுதலாக உரித்தேன். ஒன்றை ஒன்று தொடும்படி வளைத்து, பழையபடி டேப்பைச் சுற்றினேன். இனி மேலே சுவிட்சைப் போட்டால் போதும், கால் எங்கே இருந்தாலும் வாயு வரும். காலை எடுத்தாலும் நிற்காது. பயந்துபோன மனிதன் காலைத்தான் எடுப்பானே தவிர டாஷ்போர்டில் சுவிட்சைத் தேட மாட்டான். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே எழுதியிருக்கும் பட்டனைக்கூட யாரும் அமுக்கியதில்லை.

ஞாயிறு காலையில் புறவழிச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கே நீளமாக ஒரு நேர் ரோடு, அது முடிகிற இடத்தில் மேம்பாலத்துக்கு அடியில் ஒரு வளைவு. அந்த நேர் ரோட்டில்தான் சுவிட்சைப் போடப் போவதாக ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டைத் திறக்கப் போனேன். மகள் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடிவந்தாள்.

"அம்மா, நானும் போறேன். இவரு தனியா கத்திக்கிட்டுப் போனா யாரு கேக்கறது?"

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று. யோசித்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். சமையலுக்கு ஆள் வேண்டும், தலைவலி, ஏதாவது ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். என் மகளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. அது மட்டுமில்லை. அவள் கார்க் கதவைத் திறக்கும்போது அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் அந்த ஊருக்குப் போகப் போகிறவள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேலை அவளுக்குத் தனியாகக் கிடைத்திருந்ததே.

"சீட் பெல்ட் போட்டுக்கோ" என்றேன்.

"நம்ம ஆமைக்கு எதுக்கும்மா?"

"போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். அந்த பெல்ட்தான் அவளைக் காப்பாற்றியது என்று டாக்டரே சொன்னார். மாப்பிள்ளை எப்போதுமே பெல்ட் போட மாட்டார். அவருக்கு நான் சொல்லவில்லை. ஒரு தாய் என்ன செய்ய வேண்டுமோ அதை அந்த இடத்தில் நான் செய்தேன். இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டை முழுக்கத் திறந்து, கார் தெரு முனை திரும்பும்வரை நின்று கையசைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அவர் எங்கம்மா?" கொஞ்ச நாள் போகட்டும், மெதுவாகச் சொல்லலாம் என்று நர்ஸ் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் உடனே சொல்லிவிட்டேன். மேம்பாலத் தூணில் மோதின இடத்திலேயே போய்விட்டார் என்றேன். பொய்யில் வளர்த்த பெண் இல்லை அவள். பிறகு கால்களைப் பற்றிக் கேட்டாள். அதையும் சொன்னேன். இடுப்புக்குக் கீழே இனி எதுவும் அசையாது.

போர்வைக்கு மேலாகக் கால்களைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "நான்தாம்மா இன்னும் வேகமாப் போங்கன்னு சொன்னேன். நான் சொல்லலைன்னா அந்த சுவிட்சப் போட்டிருக்க மாட்டார். என்னாலதான்" என்றாள்.

நான் அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அதைப் பிடுங்குவானேன்? யாரால் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முன்பு எதற்கெடுத்தாலும் பதிலுக்குப் பதில் பேசுவாள். இப்போது நான் சொன்னதைக் கேட்கிறாள். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். தலையைப் பின்னிவிட்டால் ஆடாமல் அசையாமல் இருக்கிறாள். அவள் ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போதுகூட இப்படி இருந்ததில்லை.

நீங்களாக என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. சந்தேகப்படவும் இல்லை. உங்கள் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, விசாரணை முடிந்தது, வருத்தமாக இருக்கிறதம்மா என்று சொல்லி, கார் நிபுணர் எழுதியதைப் படித்துக் காட்டினார். பெடல் சுவிட்சின் கம்பிகளில் தோல் அளவுக்கு மேல் உரிக்கப்பட்டு இரண்டும் ஒட்டிக்கொண்டன, அனுபவமில்லாத கையால் வீட்டிலேயே செய்த வயரிங், காரின் சொந்தக்காரருடைய கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, சார். மாப்பிள்ளைக்கு ஒரு கம்பியைக்கூட ஒழுங்காக உரிக்கத் தெரியாது. அந்தக் காரில் இருந்த வயர் ஒவ்வொன்றும் நான் இழுத்தது. தூணில் மோதி நசுங்கிய பிறகும் மற்ற இணைப்புகள் எப்படி இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். ஒன்றாவது விட்டுப்போயிருக்கிறதா? அந்த இரண்டு கம்பியும் தானாக ஒட்டிக்கொள்ளவில்லை. எத்தனை உரிக்க வேண்டுமோ அத்தனை உரித்து, எங்கே தொட வேண்டுமோ அங்கே தொட வைத்தேன். அவர் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். மகள் ஏறிய பிறகும் தெரிந்தேதான் கேட்டைத் திறந்தேன். அதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? அந்த வார்த்தையை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவளுக்குத் திருப்பிப் படுக்கவைக்கத் தெரியாது, முதுகில் புண் வந்துவிடும். சீக்கிரம் முடியுங்கள், சார். என் மகளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.