ஸ்பீக்கரில் வந்த அன்பு

— டேபிள் பக்கம் மூச்சுகூட விடாத. மொத்தம் பதினாலு ஸ்க்ரூ. ஒண்ணு பறந்தாலும் உன் போன் அம்போ.

— நான் எங்கங்க மூச்சு விட்டேன்? என் போனோட குடலை உருவிப் பேப்பர்ல பரப்பி வச்சிருக்கீங்களேன்னு பாத்துக்கிட்டு நிக்கறேன்.

— பரப்பல. போன் படத்தை வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையோ அங்கயே டேப் போட்டு ஒட்டியிருக்கேன். தொழில் சுத்தம்னா இதுதான்.

— என் ஹேர் டிரையரை எடுத்து அதோட முதுகைச் சுட்டீங்களே, அதுவும் தொழில் சுத்தமா?

— பசை இளக வேண்டாமா? காதுல வச்சா ஒண்ணும் கேக்கலைன்னு மூணு வாரமா சொன்னது யாரு? நீதானே.

— கேக்கலைன்னுதான் சொன்னேன். சரி பண்ணித் தாங்கன்னு சொன்னேனா? ஸ்பீக்கர்ல போட்டுப் பேசிக்கிட்டு நிம்மதியா இருந்தேன்.

— ஊருக்கே கேக்கற மாதிரி பேசறதுல என்ன நிம்மதி?

— உங்க அக்கா ஊருக்கே கேக்கற மாதிரி பேசறாங்க பாருங்க, அந்த நிம்மதிதான்.

— நானே சொல்லணும்னு இருந்தேன். ‘உங்க அக்கா போன்ல என்னைக் கரிச்சுக் கொட்டறாங்க’ன்னு பத்து வருஷமா மூக்கைச் சிந்தின. மூணு வாரமா நானும் பக்கத்துல உக்காந்து கேக்கறேன். ‘தூங்கினியா கண்ணு, உடம்பைப் பாத்துக்கோ கண்ணு.’ இதுவா கரிச்சுக் கொட்டற லட்சணம்?

— பத்து வருஷத்துல அவங்க என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டது இந்த மூணு வாரந்தாங்க. அதுவும் நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு தெரிஞ்சு.

— ஆரம்பிச்சுட்டியா. இதோ பாரு, காது ஸ்பீக்கர். எறும்பு தூக்கிட்டுப் போயிடும், அவ்வளவுதான் சைஸ். புதுசை வச்சாச்சு. என் போன்லருந்து உனக்குப் போடறேன்... என்ன இது? புதுசும் ஊமையா இருக்கு?

— அதுக்கு ஆயுசு அவ்வளவுதான். விட்டுட்டு மூடுங்க.

— விடற ஆளா நான்? அந்தப் பூதக்கண்ணாடியை எடு.

— அது எங்கயோ தொலைஞ்சு போச்சு.

— உன் கையில இருக்கறது என்னவாம்? கொடு. ம்... காது வைக்கிற இடத்துல ஒரு சல்லடை இருக்கு பாரு, அது அடைச்சிருக்கு. அழுக்குன்னு நெனச்சேன். அழுக்கு இப்படிப் பளபளன்னு இருக்குமா? கருஞ்சிவப்பா வேற... உன் கால் நகத்தைக் காட்டு.

— எதுக்கு?

— காட்டுன்னா காட்டு. அதே கலர்!

— ஆமா. ரெண்டு கோட்டிங். காய விட்டுக் காய விட்டுப் பூசினேன். போதுமா?

— அடிப்பாவி! நல்லா இருந்த போனை நீயே செவிடாக்கினியா?

— போன் செவிடாச்சு, அவங்க வாய் இனிப்பாச்சு. தினம் பதினோரு மணிக்கு அந்த மணி அடிச்சா எடுக்கவே பயப்படுவேன். மூணு வாரமாத்தான் பயமில்லாம எடுக்கறேன். கெஞ்சிக் கேக்கறேன், அப்படியே விட்டுடுங்க.

— உன் கற்பனைக்கு ஒரு அளவே இல்ல. ரிமூவர் ஒரு சொட்டு, பல் குத்தற குச்சி ஒண்ணு... முடிஞ்சுது. அக்காகிட்ட காலையிலயே சொல்லிட்டேன், பதினோரு மணிக்குள்ள ரெடி பண்ணிடுவேன், இனிமே ஸ்பீக்கர் வேண்டாம், தாராளமாப் பேசலாம்னு.

— சொல்லிட்டீங்களா!

— என்னமா சந்தோஷப்பட்டா தெரியுமா? பாரு, டாண்ணு அடிக்குது. எடு.

— மாட்டேன்.

— சரி, நானே எடுக்கறேன். நீ சத்தம் போடாத. நானும் பேசப் போறதில்ல, காதுல கேக்குதான்னு மட்டும் பாக்கறேன்.

— என்னடி, சரியாயிடுச்சா? அப்பாடா! மூணு வாரமா கண்ணு கண்ணுன்னு கொஞ்சி என் நாக்கே கோணிப் போச்சு. என்ன, ஊமையாயிட்டியா? பக்கத்துல அந்த மக்கு இல்லையே? ஒரு போனை ரிப்பேர் பண்றானாம், அதுக்கு விடிஞ்சதும் விடியாததுமாத் தண்டோரா. சின்ன வயசுலயே ஓடற கடிகாரத்தைப் பிரிச்சு ஓடாமப் பண்ணினவன். அவன் கை வச்சது எதுடி உருப்பட்டிருக்கு? சாட்சிக்கு நீ ஒருத்தி போதாதா?

— என்னங்க... ஏன் கட் பண்ணிட்டீங்க? கேக்கலையா?

— கேட்டுது.

— அப்புறம் ஏன் முகம் இப்படிப் போச்சு? என்ன சொன்னாங்க?

— மூடியை அப்புறம் ஒட்டிக்கலாம். அந்த நெயில் பாலிஷை எடுத்துட்டு வா. இந்தத் தடவை மூணு கோட்டிங்.