ஓரத்து ஈயம்

— மொதல்ல மூஞ்சியக் கழுவு. ரயிலு வண்டிக் கரியெல்லாம் உன் கண்ணுலதான் இருக்குது.

— இருக்கட்டும் வேணி. செத்த உக்காந்துக்கறேன்.

— தோத்துட்டியா?

— ம்.

— யார்கிட்ட? அந்த மீசக்காரன், அரக்கோணத்தான்கிட்டயா?

— அவன்கிட்டதான். பைனல் வரிக்கும் வந்துட்டு... விடு.

— போவட்டும்யா. ரெண்டாவதா வந்தே இல்ல. கேரம் ஆட வந்த கூட்டத்துல...

— ரெண்டாவதா வந்தவனக் கூப்பிட்டு பெரம்பூர் ரயில் பட்டறையில வேலை குடுக்க மாட்டாங்கமா. ஜெயிச்சவனுக்குத்தான்.

— கையி நடுங்குச்சா?

— கையெல்லாம் இல்ல. வாலாஜாபாத்துல சரியா பைனலப்போ மழ புடிச்சிக்கிச்சு. பலகை நமுத்துப் போச்சு. பவுடர் போட்டா மாவாட்டம் கட்டிக்குது.

— அதுக்குன்னுதானே ஸ்ட்ரைக்கர்ல நட்ட நடுவுல ஓட்டை போட்டு ஈயம் ஊத்தினோம்? நாந்தான காய்ச்சினேன், கைய சுட்டுக்கினு. எம்மாம் ஈரத்துலயும் நேராப் போவுமே அது!

— போவும்...

— பின்ன?

— சோறு இருக்குதா?

— இருக்குது. பேச்ச மாத்தாத. அந்தப் பைய இப்டிக் குடு.

— அத ஏன்டி தொறக்கற...

— இதோ இருக்குதே. துணியில சுத்தினது சுத்தினபடி. பவுடரே ஒட்டல. பைனல நீ எதுல ஆடினே? சட்டப் பாக்கெட்டக் காட்டு.

— விடேன் வேணி. ஒடம்பெல்லாம் வலிக்குது.

— ஐயோ, ஓரத்து ஈயம்! இதுலயா ஆடினே?

— ம்.

— இது நம்ம பெரிய காஞ்சிபுரம் க்ளப்புக்குன்னு ஓரமா ஓட்டை போட்டு ஈயம் ஊத்தினதாச்சே! காஞ்ச பலகையில வழவழன்னு ஓடி, கடேசியில இம்மாத்தூண்டு வளைஞ்சு, ஒளிஞ்சிக்கினு இருக்கற காயத் தட்டும். ஈரத்துல ஆடினா வேகம் செத்துப்போயி பாதியிலயே கனமான பக்கமா சாஞ்சிடும். நீதானய்யா சொன்னே!

— அவசரத்துல மாறிப்போச்சு.

— யார்கிட்ட கத விடற? கண்ண மூடிக்கினு வெரலால தடவியே ஓட்டை எங்கன்னு சொல்லுவே நீ.

— ரெட்டுக் காயி குழி வாயிலயே நின்னுக்கினு இருந்துச்சு வேணி. சின்னப் புள்ளகூடத் தள்ளிடும். பையில நல்ல ஸ்ட்ரைக்கர் இருக்குதுன்னு தெரியும். அத எடுக்கக் கை போவல.

— ஏன்யா?

— அதத் தள்ளினா பெரம்பூரு.

— அதுக்குத்தானே ராத்திரி பகலா ஆடினே?

— ஆமா. கடைசல் பட்டறையில என்னத்தக் கண்டேன், நீயாவது நல்லா இருப்பியேன்னுதான்... பலகை முன்னால உக்காந்தப்பறந்தான் நெனச்சேன். நாம பொறப்பட்டுட்டா வேகவதிக் கரைக்கு யாரு போவாங்க? நம்ம பாப்பாவ அங்க பொதைச்சு வருசம்கூட ஆவல. எப்படிச் சொல்றது உங்கிட்ட? நீ பெரம்பூரு பெரம்பூருன்னு எம்மாம் ஆசையாப் பேசினே...

— நீ பறந்தியேன்னு பேசினேன்யா. நீ ஜெயிச்சிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். வூடு காலி பண்றோம்னு வூட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன்னேன் இல்ல... சொல்லவேயில்ல.