வெந்நீரை மறைக்கும் மலை

வேங்கிக்காலில் நான் ஏறிய பஸ்ஸில் முன் சீட்டுப் பெண், பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்: "எங்க வீட்டு வெந்நீரை மலை மறைக்குதுக்கா."

"என்னாம்மா சொல்ற?"

"அடி அண்ணாமலைல வீடு. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். விடியக்காலைல வெந்நீர் ஊத்தணும்னு மாடில சோலார் ஹீட்டர் வெச்சோம். கடைக்காரன் மத்தியானம் வந்து பார்த்துட்டு, இங்க வெயில் ஜாஸ்தின்னான். இந்த மார்கழில மலையைத் தாண்டி வெயில் வரவே ஒம்பதாவுது. கொஞ்சமா ஏறுற சூடும் விடியறதுக்குள்ள ஆறிடுது."

"திருப்பி எடுத்துக்கச் சொல்லு."

"சொன்னேன். மலை இருக்கறது உங்களுக்குத் தெரியாதான்னு கேக்கறான்க்கா."

ஜன்னலில் மலை தெரிந்தது. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நெருப்பே மலையா நிக்குதுன்றாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கெட் தண்ணி சூடாவல."