மேகத்தில் ஒரு கால்

மத்தி மீனைப் பொரித்து, வதக்கிய வெங்காயமும் காடியும் ஊற்றி மூடிவைத்தால், ஓரிரு நாள் கழித்துத்தான் அதற்கு ருசி ஏறும். என் மகள் ஓர்சோலாவுக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. ஆறுவதற்குள் சட்டிக்குள் கையை விட்டுவிடுவாள். இப்போதும் நான் இரண்டு பேருக்குத்தான் செய்கிறேன். குறைத்துச் செய்யக் கை வரமாட்டேன் என்கிறது.

என்னிடம் வேலை செய்த மெனெகோவின் தாய் உங்களிடம் மனு கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள், ஐயா. மகன்தான் போய்விட்டான், அவன் பேரில் இருக்கிற பழியாவது போகட்டும் என்று கேட்கிறாளாம். நியாயமான கோரிக்கை. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு எழுத வரும். நாடகம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மெழுகு சொட்டிய பாட்டுப் புத்தகங்கள் இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, நானும் ஓர்சோலாவும் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தோம். அவளுடைய தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

வெனிஸில் எத்தனையோ இசைநாடக அரங்குகள். அவற்றில் ஒன்றில் நான் பொறி மேஸ்திரி. கடல் பொங்குவது, கோட்டை எரிவது, வானத்திலிருந்து தேவதை இறங்குவது எல்லாம் என் பொறுப்பு. பாடுகிறவர்கள் பாடுவார்கள். ஆனால் திருவிழா முகமூடிக்குள் ஜனங்கள் வாயைப் பிளப்பது கயிற்றில் இறங்கும் என் மேகத்தைப் பார்த்துத்தான். ஓர்சோலா பாடகியானதே அந்த மேகத்தால். சிறுமியாக இருந்தபோது அவளைப் பேசாத தேவதையாக அதில் உட்காரவைத்தேன். பயத்தை மறக்க வாய்விட்டுப் பாடிக்கொண்டே இறங்கினாள். கீழே இருந்த வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். இதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவ்வப்போது நினைவுபடுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

என்னிடம் கயிறு பிடிக்கிறவர்கள் எல்லோரும் கப்பலில் இருந்தவர்கள். மேடைக்குப் பின்னால் நிற்பதால் மேடையில் நடப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கப்பலைப் போலவே இங்கும் சீழ்க்கைதான் கட்டளை. நீளமாக ஒன்று என்றால் நிறுத்த வேண்டும். குட்டையாக இரண்டு என்றால் கயிறு கட்டியிருக்கும் முளையைத் தட்டிவிட வேண்டும். காதில் விழுந்ததும் கை வேலை செய்துவிட வேண்டும். யோசிக்கிறவனை நான் வைத்துக்கொள்வதில்லை. அதனால்தான் எங்கள் அரங்குக்குள் வேறு யாரும் சீழ்க்கை அடிக்கக் கூடாது. தெரியாமல் அடித்த ஒரு பாடகனை நானே கன்னத்தில் அறைந்திருக்கிறேன்.

கயிறு பிடிக்கிறவர்களில் மெனெகோதான் கெட்டிக்காரன். அவனும் ஓர்சோலாவும் விரும்பினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மருமகன் வந்தால் வீட்டில் ஒரு தட்டு கூடும்.

தவக்காலத்துக்கு முன்னால் வரும் கார்னிவல் திருவிழா முடியப் போகிற சமயம், சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பேச்செடுத்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"நான் என்னிக்குக் கோபப்பட்டேன்?"

"நேத்துதான். மெனெகோவக் கழுதைன்னீங்க."

"அது கோபம் இல்ல. அவன் முகத்தப் பாத்தா வாயில வந்துடுது."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வியன்னா அரண்மனையில இருந்து ஆள் வந்திருக்கார்ப்பா. என்னைக் கேக்கறார். மெனெகோவுக்கும் வேலை தராங்களாம். சாம்பல் புதன் முடிஞ்சதும் கெளம்பறோம்" என்றாள்.

"நானும் மூட்டை கட்டணுமா?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அங்க அவங்களுக்கு மேஸ்திரி இருக்காராம்ப்பா."

நான் அவளுக்கு இன்னும் ஒரு மீன் வைத்தேன்.

"வருஷத்துக்கு ஒருதரம் வந்துடுவேன்" என்றாள்.

"பனிமலை தாண்டிப் போனவங்க வருஷத்துக்கு ஒருதரம் வர்றதில்லம்மா."

"அப்ப என்னைத் தனியா ஒருதரம் போகத்தான் விடுங்களேன். நான் என்ன இன்னும் பாப்பாவா?"

அவள் குரல் உயரவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள். அங்கே குளிர் அதிகம், அவள் நெஞ்சு தாங்காது. புது ஊர் மேஸ்திரி எப்படிப்பட்டவனோ, கயிறுகளை மாதாமாதம் மாற்றுவானோ மாட்டானோ. மெனெகோவுக்குக் கயிற்றைப் பிடிக்கத் தெரியும், ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. இதையெல்லாம் யோசித்தேன். ஒரு தகப்பன் யோசிக்க வேண்டியதைத்தான் யோசித்தேன்.

கணுக்கால் பிசகினால் ஈஸ்டருக்குள் சரியாகிவிடும். வியன்னாக்காரர் ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க மாட்டார்.

கடைசி நாடகத்தின் காட்சி இதுதான். தேவதை மேகத்தில் ஏறி, சொர்க்கத்தின் படிக்கு நேராக வந்து நிற்பாள். பாட்டை முடித்துவிட்டு மேகத்திலிருந்து படிக்கு அடியெடுத்து வைப்பாள். இரண்டு காலும் படியில் ஊன்றியதும் நான் குட்டையாக இரண்டு தரம் சீழ்க்கை கொடுப்பேன். மெனெகோ முளையைத் தட்டுவான். வெறும் மேகம் கல் போல விழுந்து, கீழே அசைகிற வர்ணக் கடலுக்குப் பின்னால் மறைந்துவிடும். இமைப்பதற்குள் வானம் காலியாகிவிடும். அந்தக் காட்சிக்காக ஒரே ஆள் பலமுறை வந்து பார்த்ததுண்டு.

அன்று பகலில் வர்ணக் கடலுக்குப் பின்னால் இரண்டு கம்பளி மூட்டைகளைக் கொண்டுபோய்ப் போட்டேன். கிழவன் போர்த்தோலோ, கயிற்றுக்காரர்களில் மூத்தவன், பார்த்துவிட்டான்.

"என்ன மேஸ்திரி, கடலுக்குள்ள மெத்தை போடறீங்க? மீனெல்லாம் தூங்கறதுக்கா?"

"ஈரம். காயட்டும்னு போட்டேன்."

"கடலுக்குள்ள காயப்போட்ட ஒரே ஆளு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, மெனெகோவின் முதுகில் தட்டினான். "மாப்ள, இன்னிக்கிக் கயித்தப் பாத்துப் பிடி. மேல போறது உன் பொண்டாட்டி."

"இன்னும் ஆகலையே" என்றான் மெனெகோ.

"ஆகறதுக்குள்ள கீழ போட்டுடாத."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் காலி இருக்கைகளில் படகோட்டிகளை இலவசமாக விட்டிருந்தார்கள். வழக்கம்தான். அவர்களுக்குப் பாட்டுப் பிடித்துவிட்டால் அரங்கையே தூக்கிவிடுவார்கள். ஓர்சோலா மேலே நின்று கடைசி வரியைப் பாடி முடித்தபோது, "உன்னைப் பெத்த அப்பன் நல்லா இருக்கணும் தாயி" என்று ஒருவன் கத்தினான். உடனே எல்லோரும் அதையே கத்தினார்கள். அவள் சத்தம் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தாள். பிறகு வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். இடது கால் மேகத்தில் இருந்தது.

சீழ்க்கை கேட்டது. மேகம் விழுந்தது.

மூட்டைகளை நான் சரியான இடத்தில்தான் போட்டிருந்தேன். அவள் நேராக விழாமல், படியின் விளிம்பைப் பிடிக்கப் பார்த்ததால் தள்ளி விழுந்தாள். அங்கே அலைகளைச் சுழற்றும் இரும்பு அச்சு இருந்தது. பிடிக்காமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பாள். பதற்றத்தில் எதையாவது பிடிக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் வரை மூச்சு இருந்தது. ஒருதரம் கண்ணைத் திறந்தாள். "மெனெகோ எங்கப்பா?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "வருவான்மா" என்றேன். அவனை அப்போதே காவலர்கள் கொண்டுபோயிருந்தார்கள்.

விசாரணையில் மெனெகோ, அது மேஸ்திரியின் சீழ்க்கைதான் என்று சொன்னான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. உங்களுக்கு முன் நீதிபதியாக இருந்தவர் என்னைப் பார்த்தார். படகோட்டிகளின் கூச்சலில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள், பையன் பேதம் தெரியாமல் முளையைத் தட்டிவிட்டான் என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பெற்ற மகள் மேலே நிற்கும்போது தகப்பன் அப்படிச் செய்வானா என்று போர்த்தோலோகூட மெனெகோவைத் திட்டினான். கைதிகள் துடுப்பு வலிக்கும் கப்பலுக்கு அவனை அனுப்பத் தீர்ப்பானது.

அவனை ஏற்றுவதற்கு முன் நான் போய்ப் பார்த்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மேஸ்திரி, உங்க சீட்டின்னுதான் சத்தியமா நெனச்சேன். இத்தன வருஷம் கேட்ட காது. அதுவே என்னை ஏமாத்திடுச்சு."

"விடுடா."

"உங்க பேர வேற சொல்லிட்டேன். எந்த வாயால சொன்னேனோ. என்னை மன்னிச்சிடுங்க."

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் தலையில் கை வைத்தேன். அவன் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தக் கப்பல் கிழக்கே போனது. அவன் திரும்பி வரவில்லை.

வியன்னாக்காரர் வேறொரு பெண்ணை அழைத்துப் போனார். அவள் அங்கே நன்றாக இருக்கிறாள், குழந்தைகள்கூட இருக்கின்றன என்று சொல்கிறார்கள். நான் விசாரித்துக்கொண்டதில்லை, காதில் விழுந்தது.

ஆகவே, ஐயா, அந்த அம்மாளிடம் சொல்லிவிடுங்கள். அவள் மகன் காது தவறவில்லை. படகோட்டிகளில் யாரும் சீழ்க்கை அடிக்கவில்லை. அடித்தது நான். ஓர்சோலாவுடைய இடது கால் இன்னும் மேகத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தேன். கயிற்றில் நிற்பது மெனெகோ என்பதும் எனக்குத் தெரியும். அவனைத் தவிர வேறு யாராக இருந்தாலும் ஒரு நொடி தயங்கியிருப்பான்.

எந்தத் தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். என் வயதில் துடுப்புப் போட முடியாது. அப்படிப்பட்டவர்களை நாடுகடத்துவதுதான் வழக்கம் என்கிறார்கள். அது மட்டும் வேண்டாம். சிறை என்றால் இந்த ஊர்ச் சிறையிலேயே வையுங்கள். தூக்கு என்றாலும் இங்கேயே நடக்கட்டும். என் மகள் எங்கள் பகுதிக் கோயிலில்தான் இருக்கிறாள், பக்கவாட்டுப் பீடத்துக்குக் கீழே கல்லறையில், நான் தினமும் போகிறேன். எனக்காக இதைக் கேட்கவில்லை. என்னை விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது.