ஸ்ட்ருவனின் ஸ்வெட்டர்

ஈரத்தோடு அங்கே உட்காராதீர்கள் தம்பி, அடுப்புப் பக்கம் நகர்ந்து வாருங்கள். இன்வர்னஸிலிருந்து இந்த மழையில் வந்திருக்கிறீர்கள். போலீஸ்காரருக்கும் சளி பிடிக்கும்.

காணாமல் போன பையனைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். செம்மறிக் குட்டி செத்துப்போனால் தாய் கத்திக்கொண்டே கிடக்கும். செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவோம். தாய் மோந்து பார்க்கும். பழகிய வாசனை. மடியைக் கொடுத்துவிடும். இந்த ஆற்றோரம் நாலு வீட்டிலும் இதுதான் வழக்கம்.

எங்கள் மகன் ஸ்ட்ருவன் போன இலையுதிர் காலத்தில் ஆற்றோடு போனான். கரையில் அவன் கழற்றிப்போட்ட ஸ்வெட்டரைத் துவைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என் மனைவி இஷ்பெல். ஓட்ஸ் கஞ்சிகூட இறங்கவில்லை. அவளும் போய்விடுவாள் என்று தெரிந்தது.

போன வாரம்தான் அந்தப் பையன் ஆற்றோர நடைபாதையில் வந்தான், முதுகில் மூட்டையோடு. வெள்ளத்தில் பாதை மூழ்கியிருந்தது. தங்க இடம் கேட்டான். பெயரும் சொன்னான். எனக்கு அது தேவைப்படவில்லை.

தூங்கிக்கொண்டிருந்தவள் மடியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். ஆட்டுக் கொட்டிலில் படுக்கச் சொன்னேன்.

"காலைல புல்லுதான் டிபனா பெரியவரே?" என்று சிரித்தான். நல்ல பையன். நான் வெளியே தாழ் போட்டேன்.

தாண்டி ஓடும் குட்டிக்குக் காலைக் கட்டுவோம். இவன் கயிற்றை அறுத்துவிட்டான். அதனால் அவன் காலையே கவனிக்க வேண்டியிருந்தது. மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரே அடிதான்.

இஷ்பெலை அழைத்துப்போய் அவன் பக்கத்தில் உட்காரவைத்தேன். மோந்து பார்த்தாள். ஒரு கணம் முகம் தெளிந்தது, நான் பார்த்தேன். அப்புறம், "இது யாரோ பெத்த புள்ளைங்க. அவன் அம்மா தேடுவா. விட்டுடுங்க" என்றாள். பழக நாளாகும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று அவளே தாழைத் திறந்துவிட்டாள். ஆற்றங்கரை வரை தவழ்ந்து போயிருந்தான். தாய் ஏற்காத குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வதைக்காமல்தான் முடித்தேன். பைன் மரத்தடியில் இருக்கிறான், விடிந்ததும் காட்டுகிறேன்.

தோல்மேல் தப்பில்லை. குட்டிதான் பொருந்தவில்லை.

ஸ்வெட்டரைத் துவைக்க வேண்டியதாகிவிட்டது. அதோ, அடுப்புக்கு மேலே தொங்குகிறது. காய்ந்திருக்கும். இஷ்பெல் மாடியில் விழித்துத்தான் இருக்கிறாள். குளிர் புகும் என்று வாசல் கதவைத் தாழ் போட்டிருக்கிறேன்.

உங்களுக்கும் ஸ்ட்ருவன் வயதுதான் இருக்கும். நனைந்த சட்டையைக் கழற்றுங்கள் தம்பி.