அழிந்தவை அவர் பாடியவை மட்டும்

பெயர் ரூபிகா. வயது முப்பத்தொன்று. கணவர் பெயர் பிரதாபன். ஹட்டன் கடைவீதியில் எங்கள் புடவைக் கடைக்கு மேல்மாடியில் வசிக்கிறேன். எனக்குச் சிங்களம் பேச வரும் என்றாலும் இதைத் தமிழிலேயே சொல்ல விரும்புகிறேன். யாரும் வற்புறுத்தவில்லை.

எங்கள் வீட்டில் பாட்டுகளைச் சேர்த்து வைக்கும் சேர்வர் பெட்டி ஒன்று இருக்கிறது. கைப்பேசியில் தொட்டால் கூடத்திலும் கீழே கடையிலும் பாட்டு கேட்கும். அதைப் பொருத்தித் தந்தவர் லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த கிஷாந்த். சினிமாப் பாட்டுகளோடு, என் கணவர் தாமே பாடிப் பதிந்தவையும் அதில் தனிக் கோப்புறையாக இருந்தன. அவருக்குச் சுருதி நிற்காது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் தேநீருக்கு முன் அதைத்தான் போடுவார். கல்யாணமான நாள் முதல் நன்றாக இருக்கிறது என்று நானும் வாய் கூசாமல் சொல்லி வந்தேன். கிஷாந்த் மட்டும் ஒரு முறை, "மொதலாளி, கோவிச்சுக்காதீங்க, சுருதி வெலகுதுங்க" என்றார். என் கணவரின் முகம் கறுத்துவிட்டது.

சென்ற மாதம் கண்டியிலிருந்து என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றும் என் கணவர் தம் பாட்டைப் போட்டார். மாப்பிள்ளையின் தாயார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவரோ கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதன் பின்னர், நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் மறுபடி வர இருந்ததால், முந்தின நாள் அவர் கடையில் இருந்த நேரத்தில் அந்தக் கோப்புறையை என் கைப்பேசியிலிருந்து அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். ஆகவே கைதவறிப் பட்டுவிட்டது என்று நான் சொல்ல முடியாது.

நிச்சயதார்த்தத்தன்று விருந்தினர் முன்னால் என் கணவர் பாட்டுகளைத் தேடினார். கிடைக்கவில்லை. கடவுச்சொல் தெரிந்தவர் என்பதாலும் பாட்டைக் குறை சொன்னவர் என்பதாலும் கிஷாந்த்தான் பொறாமையில் அழித்தார் என்று பொலிஸில் முறைப்பாடு செய்தார். நான் அருகில் நின்றேன். எதுவும் சொல்லவில்லை.

அதன் பின்னர் நேற்று, கிஷாந்தின் தாயார் வீரம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அம்மா, எம்மவனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. அதுதான் அவன் கொறை. வெளிநாடு போறதுக்குப் பொலிஸ் ரிப்போட் எடுக்கணும், கேசு இருந்தா குடுக்க மாட்டாங்க. மொதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுங்க" என்றார். நான் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் என் வாயையே பார்த்திருந்தார். சொல்லிப் பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை விசாரணைக்கு இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு என் கணவருடன் நானும் வந்தேன். சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த கிஷாந்த் என்னைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்து நின்றார். வீட்டில் வேறு யாரும் அழித்திருக்கலாமா என்று சார்ஜன்ட் என் கணவரைக் கேட்டார். அதற்கு அவர், "வீட்டுல பாஸ்வேர்ட் தெரிஞ்சவ இவ ஒருத்திதான் சேர். இவ தொட மாட்டா. எம் பாட்டுன்னா இவளுக்கு உசுரு" என்றார்.

அதைக் கேட்டதும், நான்தான் அழித்தேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். என் கணவர் கோபப்படவில்லை. "அப்ப, நல்லா இருக்குன்னு சொன்னியே?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவர் வெளியே போய்விட்டார்.

கிஷாந்த் மீது எந்தக் குற்றமும் இல்லை. என் கணவர் கேட்ட கேள்விக்கான பதிலையும் இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். நான் சொன்னது பொய். ஒவ்வொரு முறையும் பொய்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. மாற்றவோ சேர்க்கவோ எதுவும் இல்லை. அனைத்தும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பி. ரூபிகா