மூவர் நட்பு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் தட்டச்சு செய்த ஆய்வேடு.

"அந்த ரஷ்ய நாவலப் பத்தி 'மூவர் நட்பு'ன்னு ஒரு அத்தியாயமே எழுதிட்டேன், மச்சான். நேத்துதான் தெரிஞ்சுது, மூணும் ஒரே ஆளோட பேராம்."

"அதெப்புடிடா?"

"வீட்டுல ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு, அப்பா பேரோட சேத்து ஒண்ணு."

"நீயே வீட்டுல அப்பு, சர்ட்டிபிகேட்ல கலியபெருமாள். இதுகூடவா தெரியல?"

"இன்னிக்கு பைண்டிங்குக்குக் குடுக்கணும்டா."

புதுச்சத்திரம் தாண்டியதும் நண்பர் ஆய்வேட்டை வாங்கிப் புரட்டினார்.

"அந்தாளுக்கு வேற சிநேகிதன் யாரும் இல்லியா?"

"கதையில ஒருத்தனும் இல்ல."

"அப்ப தலைப்ப மட்டும் 'தனிமை'ன்னு மாத்திடு. மத்ததெல்லாம் அப்புடியே இருக்கட்டும்."